விரித்தவரே வெளுத்தார்

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகிற சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டினால் மூலக்குளம். சாலையை விட்டு உள்ளே திரும்பும் நகர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்ன வேன் வந்து நிற்கிறது. இரண்டு இளைஞர்கள் இறங்குகிறார்கள். ஒருவர் கையில் பீப்பாய் போன்ற உறிஞ்சும் இயந்திரம், இன்னொருவர் தோளில் குழாய்ச் சுருள். மாடி வீட்டுக் கூடத்தில் சிவப்புக் கம்பளி விரிப்பு ஒன்று கிடக்கிறது. காஷ்மீர்ப் பயணத்தில் வாங்கி வந்தது. வந்த வேகத்தில் இயந்திரத்தை ஓட்டுவார்கள் என்று வீட்டம்மா எதிர்பார்க்க, மூத்தவர் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிகிறார். சோபாவுக்கு அடியில் மறையும் மூலையில் அதை வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறார்.

"சாயம் விடலைக்கா. தண்ணி வைக்கலாம்."

அதற்கப்புறம்தான் நுரை, சுழலும் பிரஷ், உறிஞ்சல் எல்லாம். அரை மணியில் இயந்திரத்தின் தொட்டியில் கட்டன் காப்பி நிறத்தில் தண்ணீர் நிற்கிறது. தினமும் பெருக்குகிற விரிப்பிலிருந்தா இவ்வளவு என்று வீட்டம்மா எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறார்.

வீட்டு விரிப்பைக் கூலிக்கு ஆள் வைத்துச் சுத்தம் செய்வது இந்தப் பக்கத்துக்குப் புதுப்பழக்கம் போலத் தெரியும். வேனும் இயந்திரமும் புதுசுதான், தொழில் பழசு. தமிழ்நாட்டில் தரையில் எதையாவது விரித்து அதன்மேல் ஆளை நடக்கவிட்ட காலம் தொட்டு, அதைக் கொண்டுவந்து விரிக்கவும், சுருட்டி எடுத்துப் போகவும், வெளுத்துத் திருப்பித் தரவும் ஒரே ஆள்தான் இருந்தார். ஊருக்கு ஊர் வண்ணார், ஏகாலி, சலவைத் தொழிலாளி என்று அவருக்குப் பெயர்கள் உண்டு.

அவர் விரித்ததற்குப் பாவாடை என்று பெயர். இன்று அந்தச் சொல் பெண்கள் உடுப்பாகச் சுருங்கிவிட்டது. பெரியவர்கள் நடப்பதற்காகத் தரையில் பாவுகிற ஆடை என்பது அதன் இன்னொரு பொருள். அகராதிகள் இன்னும் வைத்திருக்கின்றன. நடைபாவாடை என்றும் நிலபாவாடை என்றும் சொன்னார்கள். (புதுச்சேரி, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஆண்களுக்குப் பாவாடை என்று பெயர் இருப்பது மேல்மலையனூர் அங்காளம்மனின் காவல் தெய்வம் பாவாடைராயனால் வந்தது. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் பழகிவிட்டார்கள்.)

கல்யாணத்தில் மாப்பிள்ளை நடந்து வருகிற வழியில், சாமி புறப்பாட்டில், சாவு ஊர்வலத்தில் வண்ணார் வெளுத்த துணிகளை விரிப்பார். ஊர்வலம் கடந்த துணியைச் சுருட்டிக்கொண்டு முன்னே ஓடி மறுபடி விரிப்பார். நாலு துணியை வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கம்பளம் போட்ட தோற்றத்தைக் கொடுக்கிற வித்தை அது. ஓடுகிற கால்கள் அவருடையவை. பந்தலுக்கு மேற்கட்டி கட்டுவதும் அவர் வேலை. துணி எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் ஊராருடையதே. வெளுக்கப் போட்ட வேட்டியும் சேலையும் மாற்று என்ற பெயரில் அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, இன்னொரு முறை சலவைத் துறையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும். விருந்துக்குப் போனவர் தலைக்கு மேலே தன் வீட்டுச் சேலையே விதானமாகத் தொங்குவதைப் பார்த்தும் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்திருப்பார்.

யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே வெள்ளை கட்டுதல் என்றார்கள். யார் வீட்டுக்கு வெள்ளை கட்டலாம், யார் வீட்டுக்குக் கூடாது என்பது சாதியின் அளவுகோலாக இருந்தது. தமிழகத்திலும் அப்படியே. வெள்ளைக் குடை, குதிரை, பகல் தீவட்டி ஆகியவற்றோடு நடைபாவாடையும் சில சாதியாருக்கு மட்டுமே உரிய விருதாக எண்ணப்பட்டது. வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாகப் பிரிந்திருந்த சாதிகள் இந்த மாதிரி விருதுகளுக்காகவும் ஊர்வலம் போகும் தெருவுக்காகவும் அடித்துக்கொண்டன. சென்னையில் 1652இலும் 1707இலும் பெரிய கலவரமே நடந்தது. விரிப்பின்மேல் யார் நடப்பது என்று மண்டை உடைந்தவர்கள் பலர். வெளுத்து விரித்தவர் அதன்மேல் நடந்ததாக எங்கும் இல்லை.

அவருடைய தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

வீடு வீடாக அழுக்கு எடுத்ததும் முதலில் குறி. அதற்கு மை சேங்கொட்டை. கொட்டையில் ஊசியைக் குத்தி, பால் ஒட்டிய முனையால் துணி ஓரத்தில் புள்ளியோ கோடோ பிறையோ வைத்து, மேலே சுண்ணாம்பைத் தடவுவார்கள். கறுத்துப் பிடித்துக்கொள்ளும். துணி கிழிந்தாலும் குறி போகாது. தோலில் பட்டால் புண்ணாகிவிடும். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாத காலத்தில், மலை போலக் குவிந்த துணியிலிருந்து எந்த வேட்டி எந்த வீட்டுடையது என்று பிரித்துக் கொடுத்த எழுத்து அது. கொலை வழக்குகளில் போலீஸ்காரர்கள் வண்ணான் குறியைத் தேடிக்கொண்டு துறைக்கு வந்தது இதனால்தான்.

அடுத்து உவர்மண். ஏரிக்கரைகளிலும் களர் நிலத்திலும் கோடையில் வெள்ளையாகப் பூக்கும் மண்ணில் சோடா உப்பு இருக்கிறது. அதைக் கரைத்த தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து, வெள்ளாவிப் பானையின்மேல் சுற்றிச் சுற்றிக் கோபுரமாக அடுக்கி மூடி, இரவெல்லாம் அடியில் தீ எரிப்பார்கள். ஆவி துணி அடுக்குக்குள் ஏறும். உவரும் சூடும் சேர்ந்து துணியில் ஏறிய எண்ணெயையும் வேர்வைப் பிசுக்கையும் கிட்டத்தட்டச் சோப்பாக மாற்றிவிடும். சாயத்துணி இந்த அடுக்கில் சேராது. எது சாயம் விடும் என்று தெரியாமல் ஒரு சிவப்புத் துண்டு உள்ளே போய்விட்டால், மறுநாள் ஊர் முழுக்க இளஞ்சிவப்பு வேட்டிதான். மூலக்குளத்து மாடியில் அந்த இளைஞர் நனைத்த துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அந்த எச்சரிக்கைக்கு இவ்வளவு வயது.

விடியலில் கழுதைமேல் பொதி ஏறும். துறையில் கல்லில் அடி, அலசல், நீலம், கஞ்சி, மணலில் உலர்த்தல். கஞ்சிப் பசை போட்டு ஆடை வெளுக்கும் பெண்ணைக் குறுந்தொகையும் நற்றிணையும் பார்த்திருக்கின்றன. அவளைப் புலைத்தி என்று அவை அழைக்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய காதல் கவிதைக்குள் சலவைக்காரி ஒருத்தி கஞ்சிக் கையோடு நிற்பது, அந்தத் தொழில் அப்போதே எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதற்குச் சாட்சி.

பெரிய புராணத்தில் இன்னொருவர் இருக்கிறார். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனார், குலத்தொழிலாக அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்தவர். மெலிந்த அடியார் ஒருவர் குளிர்காலத்தில் தன் ஒரே கந்தையோடு வந்தார். பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தருகிறேன் என்று நாயனார் வாங்கிக்கொண்டார். துவைத்து முடித்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. விடவில்லை. சொன்ன நேரத்துக்குத் துணியைத் தர முடியாத துக்கத்தில் அவர் தலையைத் துவைக்கிற கல்லிலேயே மோதிக்கொண்டார். கல்லிலிருந்து இறைவன் கை நீண்டு தடுத்தது என்கிறது புராணம். அறுபத்துமூவர் கதைகளில் கண்ணைக் கொடுத்தவர், பிள்ளையைக் கொடுத்தவர் எல்லாரும் உண்டு. மழை நாளில் காயாத துணிக்காக உயிரைக் கொடுக்கப் போனவர் இவர் ஒருவரே. மார்கழியில் துணி போட்டுவிட்டுப் பொங்கலுக்குள் வருமா என்று கவலைப்பட்ட எவருக்கும் இந்தக் கதை புரியும்.

புதுச்சேரிக்கு இந்தத் தொழில் வீட்டு வேலையாக மட்டும் இருந்ததில்லை. ஊரின் வியாபாரமே அதன்மேல் நின்றது. அரிக்காமேட்டில் 1945இல் தோண்டிய மார்ட்டிமர் வீலர், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் செங்கல் தொட்டிகளையும் வடிகால்களையும் கண்டு, துணிக்குச் சாயம் ஏற்றிய இடமாக இருக்கலாம் என்றார். பிரெஞ்சுக்காரர்கள் வந்து துணி வாங்கத் தொடங்கியபோது, தறியிலிருந்து வந்த கோடித் துணி பழுப்பாகவும் கஞ்சி முறுக்கோடும் இருக்கும். வெளுத்தால்தான் கப்பலேறும். துபாஷியாக இருந்து பெரும் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் துணி வணிகத்தில் இருந்தவர்தான். ஆங்கிலேயர்களுக்குச் சென்னையில் இதே தேவை இருந்ததன் அடையாளம் வண்ணாரப்பேட்டை என்ற பெயரில் இன்றும் மெட்ரோ நிலையப் பலகையில் இருக்கிறது. ஐரோப்பாவில் அப்போது துணியைப் புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்துப் போட்டு, மோரில் ஊறவைத்து வெளுத்துக்கொண்டிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெர்த்தொல்லே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் குளோரினைக் கொண்டு வெளுக்கும் வழி காட்டிய பிறகே அங்கே வேகம் பிடித்தது.

வெளுத்த துணியில் ஒரு பெரும் பகுதி இங்கேயே அவுரிச் சாயத்தில் முங்கி நீலமானது. கினே என்று பிரெஞ்சில் பெயர். அந்த நீலத்துணி கப்பலில் பிரான்சு போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போய், வேலம் பிசினுக்குப் பண்டமாற்றாகியது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே அது கிட்டத்தட்ட நாணயம். பாலைவன வியாபாரிகள் துணியை முகர்ந்து பார்த்தே அசல் புதுச்சேரிச் சரக்கா என்று சொல்லிவிடுவார்களாம். புதுச்சேரித் தண்ணீருக்குத்தான் அந்த நீலம் பிடிக்கிறது என்று பிரெஞ்சுக்காரர்கள் நம்பினார்கள். அந்தத் தண்ணீரின் கதையும் மூலக்குளத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. முத்திரைப்பாளையத்து ஊற்றிலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் 1863இல் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அமைந்தது. பொறியாளர் பெயர் லாமேரெஸ். அதைக் கொண்டாட எழுந்ததுதான் பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம்.

இவ்வளவு துணி வெளுத்த ஊரில் கம்பளம் ஏன் வீட்டுப் பொருளாகவில்லை?

ஒரு காரணம் கடற்கரைப் புழுக்கம். கம்பளி இங்கே நனைந்த ஆடு மாதிரி நாறும், பூச்சி அரிக்கும். தெலுங்கு நாட்டு ஏலூரில் பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் கம்பளி விரிப்பு நெய்தார்கள். அவை 1851இல் லண்டன் பெருங்கண்காட்சி வரை போயின. வாலாஜாபேட்டையும் விரிப்புக்குப் பேர்போன ஊராக இருந்தது. ஆனால் அவையெல்லாம் நவாபு வீட்டுக்கும் துரை வீட்டுக்கும் போனவை.

இன்னொரு காரணம் செருப்பு. தமிழர்கள் அதை வாசலில் விட்டார்கள், ஐரோப்பியர்கள் காலிலேயே வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரியில் இது சாதாரண விஷயமில்லை. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியப் பாணிக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்தார். உள்ளூர்க்காரர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். பொன்னுத்தம்பி பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். 1881இல் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுத் தம் வழக்கச் சட்டத்தைத் துறக்க வழி வந்தபோது, துறந்தவர்களில் அவர் முன்னோடி. லாபோர்த் என்ற குடும்பப் பெயரையும் சூடிக்கொண்டார். காலணியோடு நடக்கிற தரைக்கு விரிப்பு தேவை, விரிப்புக்குத் தெருப் புழுதி நிச்சயம், புழுதிக்கு ஆள் தேவை. சாணமிட்டு மெழுகி, வெறுங்காலோடு புழங்கிய வீட்டில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே கிடையாது.

ஐரோப்பியர்கள் தங்கள் கம்பளங்களை வெளியே தூக்கிப் போய்க் கொடியில் தொங்கவிட்டுத் தடியால் அடித்தார்கள். 1876இல் அமெரிக்காவில் மெல்வில் பிஸ்ஸல் என்பவர் தள்ளிக்கொண்டே போகும் பிரஷ் வண்டிக்கு உரிமம் வாங்கினார். 1901இல் லண்டனில் ஹியூபர்ட் பூத் என்ற பொறியாளர், தூசியை ஊதித் தள்ளுகிற இயந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதாமல் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். உணவகத்து நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார்; கைக்குட்டையின் மறுபக்கம் கறுத்தது, அவர் தொண்டையும் அடைத்தது. அவர் செய்த இயந்திரத்தைக் குதிரை இழுத்து வந்தது. தெருவில் நின்றபடி ஜன்னல் வழியே குழாயை உள்ளே விட்டு வீட்டுக் கம்பளத்தை உறிஞ்சும். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு முன்னால் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்து விரிப்பைச் சுத்தம் செய்ததும் அதுவே. பூத் தொடக்கத்தில் இயந்திரத்தை வீட்டுக்கு விற்கவில்லை, கூலிக்கு வேலை செய்தார். வாசலில் வண்டி, உள்ளே குழாய்: மூலக்குளத்து வேனின் நேர் மூதாதை அந்தக் குதிரை வண்டிதான்.

தமிழர் வீட்டுக் கம்பளம் கடைசியில் ஜமக்காளமாக வந்தது. ஆறுகள் கூடும் பவானியில், குழித்தறியில், தடித்த பருத்தி நூலில் பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நெய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஜங்கமர்கள் தொடங்கிவைத்த தொழில் என்பார்கள். 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்யாணம், கச்சேரி, பஞ்சாயத்து, பெண் பார்த்தல் எல்லாம் அதன்மேல் நடந்தன. நனைந்த ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு கன்றுக்குட்டி. ஆளுக்கொரு முனை பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்கினால் தண்ணீர் செம்மண் ஓடை போல இறங்கும். பந்தி முடிந்த ஜமக்காளத்தில் சாம்பார், பாயசம், வெற்றிலைச் சாறு, தூங்கிப்போன குழந்தையின் ஈரம் எல்லாம் இருக்கும். வீட்டார் அதைத் துவைக்க நினைக்கக்கூட மாட்டார்கள். வாடகைக் கடைக்குப் போகும், அல்லது வண்ணார் வீட்டுக்குப் போகும். பாய் மட்டும் வீட்டுப் பெண்கள் பொறுப்பு. யாராவது இறந்துபோன பாய் என்றால் அதையும் வண்ணார்தான் எடுத்துப் போக வேண்டும்.

கூலி என்ன? களத்தில் நெல், மாலையில் வீட்டுக்கு வீடு குழம்பு கலந்த சோறு, விசேஷத்தில் கொஞ்சம் காசு. தீட்டுத் துணியும் சாவுத் துணியும் இதற்குள் அடக்கம். ஊரே ஒதுக்கிவைத்த மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கீழே. கடலூர் மாவட்டத்துக்காரரான இமையம் 1994இல் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ அந்தக் குடும்பம் ஒன்றின் கதை. புதுச்சேரிக்கான 1964ஆம் ஆண்டுப் பட்டியல் சாதி ஆணையில் புதிரை வண்ணான் பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் வண்ணார் பெரும்பாலான இடங்களில் மிகப் பிற்படுத்தப்பட்டோர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பகுதியிலும் பட்டியல் சாதியினர். ஒரே துணியை ஒரே மாதிரி வெளுத்தவர்களை வரைபடக் கோடு பிரித்து வைத்திருக்கிறது.

கழுதை போனது, வெள்ளாவி போனது. நெல் கூலி நின்றதும் பிள்ளைகள் பெட்டி போடும் தள்ளுவண்டிக்கும் லாண்டரிக் கடைக்கும், முடிந்தவர்கள் அரசு வேலைக்கும் போனார்கள். தண்ணீரில்லாமல் துணி வெளுக்கும் டிரை கிளீனிங் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸில் பிறந்தது. பணிப்பெண் தவறவிட்ட விளக்கிலிருந்து கொட்டிய எண்ணெய் மேசைவிரிப்பின் கறையைப் போக்கியதைச் சாயக்காரர் ஜோலி கவனித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். இங்கே பட்டுப்புடவைக்காரர்கள் டிரை கிளீனிங்கைப் பிடித்துக்கொண்டார்கள். 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் டை கட்டிய இளைஞர்களை வீட்டு வாசலுக்கு அனுப்பியது. அவர்கள் உள்ளே வந்து, மெத்தையை உறிஞ்சி, வந்த தூசியை வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டினார்கள். அழுக்கைக் கண்ணெதிரே காட்டி வெட்கப்பட வைப்பது வியாபாரத்தின் முதல் பாடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வண்ணார் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை. ஊரார் அழுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். குறியை மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

மூலக்குளத்து மாடியில் வேலை முடிந்துவிட்டது. விரிப்பை மின்விசிறிக்கு நேரே போட்டு, குஞ்சங்களை விரலால் கோதிவிட்டு, "சாயந்திரம் வரைக்கும் யாரும் மிதிக்க வேணாம்க்கா" என்கிறார் மூத்தவர். பில் வாட்ஸாப்பில் வருகிறது, பணம் போனில் போகிறது. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள். வீட்டம்மா சில்வர் டம்ளரில் கொண்டுவந்து நேராகக் கையில் கொடுக்கிறார். இளையவர் தொட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நிற்கிறார், உள்ளே கட்டன் காப்பி நிறத்தில் அந்தத் தண்ணீர்.

"இத எங்கக்கா ஊத்தறது?"

வீட்டம்மா குளியலறையைக் காட்டத் தொடங்கி, மனசு மாறி, கீழே தெருச் சாக்கடையைக் கை நீட்டுகிறார்.